காரணம் அறியாப் பட்டினி

நோன்பும் பட்டினியும் உடலளவில் ஒன்றே. இரண்டிலும் உணவு இல்லை, நா வறள்கின்றது, நேரஞ் செல்லச்செல்ல உடல் தளர்கின்றது. ஆயினும் இவ்விரண்டையும் நாம் ஒன்றெனக் கொள்வதில்லை. கந்தசட்டி நாட்களில் உபவாசம் இருக்கும் மூதாட்டியை மதிக்கின்றோம். உணவின்றிக் கிடக்கும் வறியவரைக் கண்டு இரங்குகின்றோம். நோன்பை நோன்பாக்குவது உணவின்மையன்று. அவ்வுணவின்மையை ஒருவர் தாமே தெரிந்து, அதன் பொருளை அறிந்து ஏற்றுக்கொள்வதே அதனை நோன்பாக்குகின்றது. சமயங்கள் சிறு குழந்தைகளிடம் நோன்பை எதிர்பாராமைக்கும் இதுவே காரணம் எனலாம். றமழான் நோன்பு பருவமடையாத பிள்ளைகளுக்குக் கடமையாக்கப்படவில்லை. வீட்டார் அனைவரும் விரதமிருக்கும் நாளிலும் சைவ இல்லங்களிற் குழந்தைக்குரிய பாலும் சோறும் நேரந் தவறுவதில்லை.

சமயம் கேளாத இதனை வைத்தியசாலை குழந்தையிடம் கேட்கின்றது. சத்திரசிகிச்சைக்கோ, மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும் பரிசோதனைக்கோ செல்லும் இரண்டு வயதுக் குழந்தை அதற்கு முன் குறித்த நேரம் உணவும் பாலும் இன்றி இருத்தல் வேண்டும். அக்குழந்தை இதனைத் தானாகத் தெரிந்து ஏற்கவில்லை. இதன் பொருளை விளங்கிக்கொள்ளவும் அதனால் இயலாது. பசிக்கின்றது என்பது அதற்குத் தெரியும். இதுவரை ஊட்டிய கையே இன்று ஊட்ட மறுக்கின்றது என்பதும் தெரியும். பின்னர் அறிமுகமற்ற ஓர் அறையில், முகத்தை மூடிய மனிதர் நடுவே அது மயங்கவைக்கப்படுகின்றது; விழிக்கும்போது உடலில் வலி இருக்கின்றது.

இவை யாவும் அதன் நன்மைக்கே என்பதில் ஐயமில்லை. ஐயம் வேறொன்றைப் பற்றியது. தன் நன்மையின் பொருட்டுத் துன்புறும் ஓர் உயிர் அந்நன்மையை அறியமாட்டாததாக இருப்பின், அத்துன்பத்தை விளைவிக்கும் நாம் அதற்குக் கடன்பட்டிருப்பது யாது? ‘நன்மை செய்கின்றோம், அதற்கு மேல் எக்கடனும் இல்லை’ என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

விதியும் அதன் எல்லையும்

ஒழுக்கவியல் வினாவுள் நுழையுமுன் இவ்விதியின் காரணத்தை அறிதல் அவசியம். விழித்திருக்கும் ஒருவரின் வயிற்றிலுள்ளது மேலெழுந்து தொண்டையை அடையுமாயின், இருமலும் விழுங்கலும் சுவாசக்குழாயைக் காக்கின்றன. மயக்கமருந்தின் கீழ் இக்காவல் தளர்ந்துவிடுகின்றது. அவ்வேளை உணவோ வயிற்றமிலமோ நுரையீரலுட் புகுந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நியூயோர்க்கைச் சேர்ந்த மகப்பேற்று வைத்தியர் கேட்டிஸ் மெண்டெல்சன் 1946ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வாபத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டிற்று. 1932 முதல் 1945 வரை தமது வைத்தியசாலையில் நிகழ்ந்த 44,016 மகப்பேறுகளை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் 66 தாய்மாருக்கு வயிற்றிலிருந்தவை நுரையீரலை அடைந்திருந்தன. இருவர் இறந்தனர், இருவரும் திண்ம உணவினால் மூச்சடைத்தே இறந்தனர்.

இவ்வாய்வு பிரசவத் தாய்மாரைப் பற்றியது. ஆயினும் அது எழுப்பிய அச்சம் பரந்து, ‘நள்ளிரவுக்குப் பின் வாயில் எதுவும் படலாகாது’ என்னும் ஒற்றை விதியாகப் பல நாடுகளின் வைத்தியசாலைகளில் வேரூன்றியது. சோறும் நீரும், முதியவரும் மழலையும், காலை எட்டு மணிக்குச் சத்திரசிகிச்சைக்குச் செல்பவரும் பிற்பகல் இரண்டு மணிக்குச் செல்பவரும் அவ்விதியின் முன் ஒன்றாயினர். பின்வந்த ஆய்வுகள் இவற்றை வேறுபிரித்துக் காட்டின. தெளிந்த நீர் வயிற்றைவிட்டு விரைவில் நீங்குகின்றது. பாலும் திண்ம உணவும் நெடுநேரம் தங்குகின்றன. 1999இல் அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் சங்கம் வெளியிட்ட நெறிமுறை தெளிந்த பானங்களுக்கு 2 மணித்தியாலம், தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலம், இலேசான உணவுக்கு 6 மணித்தியாலம் என வகுத்தது. ஐரோப்பியச் சிறுவர் மயக்கமருந்துச் சங்கங்கள் சில 2018இல் ஒன்றுகூடி, குழந்தைகளுக்குத் தெளிந்த பானத்தை 1 மணித்தியாலத்துக்கு முன்புவரை கொடுக்கலாம் எனக் கூறின. 2022இல் வெளிவந்த ஐரோப்பிய நெறிமுறை அதனையே வழிமொழிந்து, தாய்ப்பாலுக்குரிய இடைவெளியையும் 3 மணித்தியாலமாகக் குறைத்தது.

இம்மாற்றம் வெறும் வசதி பற்றியதன்று. மழலையின் உடலிற் சேமிப்புக் குறைவு. நெடும்பட்டினியால் அதன் குருதியில் வெல்லம் குறையலாம், உடல்நீர் வற்றலாம், நீர் வற்றிய சிறு கையில் ஊசி ஏற்ற நாளங் கிடைப்பதும் அரிதாகும். ஆகவே இவ்விடயத்தில் இருவகைத் தவறுகள் உள. ஒன்று, பிள்ளை அழுகின்றதே என மனமிரங்கி, எவரும் அறியாமல் அதன் கையில் ஒரு பிஸ்கற்றைக் கொடுத்தல். இது காரணத்தை மறந்த அன்பு. உயிரைப் பறிக்கவும் கூடும். மற்றையது, ஒரு மணித்தியாலம் போதுமான இடத்திற் பன்னிரண்டு மணித்தியாலம் நீரின்றி வைத்தல். இது காரணத்தை மறந்த விதி. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே: எதற்காக இப்பட்டினி என்னும் வினாவை எவரும் எழுப்பாமையே அது.

சம்மதம் என்னும் சிக்கல்

தனிமனித சுதந்திரத்தை வலியுறுத்திய ஜோன் ஸ்ருவாட் மில், 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரம்’ பற்றிய நூலிலே, தமது கொள்கை குழந்தைகளுக்குப் பொருந்தாது என வெளிப்படையாகவே விலக்கிவைத்தார். வளர்ந்த ஒருவரை அவரது நன்மைக்கென்று கூறியும் வற்புறுத்தலாகாது. குழந்தையையோ பிறர் காத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இதனை மறுப்பார் இலர். இரண்டு வயதுப் பிள்ளை ‘வேண்டாம்’ என்று கூறியமையாற் சத்திரசிகிச்சையைக் கைவிடும் பெற்றோரை எவரும் நல்லவர் என்னார். ஆனால் மில் இங்கு கூறுவது குழந்தையின் மறுப்புக்கு எது கட்டுப்படாது என்பதை மட்டுமே. அம்மறுப்பை மீறும் நாம் எவற்றுக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அது கூறவில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப முயன்றவருள் அமெரிக்க மெய்யியலாளர் ஜெரல்ட் டுவோர்க்கின் ஒருவர். பெற்றோர் பிள்ளைமீது செலுத்தும் அதிகாரம் பிற்காலச் சம்மதத்தை நோக்கியது என்று 1972இல் எழுதிய கட்டுரையில் அவர் வாதிட்டார். இன்று மறுக்கும் பிள்ளை வளர்ந்தபின் இதன் அறிவுடைமையை ஏற்றுக்கொள்ளும் என்று பெற்றோர் பந்தயம் கட்டுகின்றனர். அதுவே அவர்களது செயலுக்கு நியாயம் என்பது அவர் கூற்றின் சாரம்.

இவ்வாதம் வலியது. ஆயின் இதனைப் பெரும்பாலோர் பயன்படுத்தும் முறையில் ஒரு பிழை உண்டு. வளர்ந்த பிள்ளை எதனை ஏற்றுக்கொள்ளும்? தன் நோய் தீர்க்கப்பட்டதை ஏற்கும். அதற்கு இன்றியமையாதிருந்த பசியையும் ஏற்கும். ஆனால் சத்திரசிகிச்சைப் பட்டியல் பிந்தியது என்பதை எவரும் வந்து சொல்லாமையால் தான் தாகத்தோடு கிடந்த ஆறு மணித்தியாலங்களையும் அது ஏற்குமோ? ‘ஊசி நோகாது’ என்று கூறப்பட்ட பொய்யை ஏற்குமோ? விளையாட்டுப் பொருளைக் காட்டிக் கவனத்தைத் திருப்பிய கணத்தில் தாய் மறைந்துபோனதை ஏற்குமோ? ஏற்க வேண்டிய நியாயம் எதுவுமில்லை. பிற்காலச் சம்மதம் தேவையானதை மட்டுமே தழுவும். தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணித்தியாலமும் அதற்குப் புறத்தே நிற்கும். சத்திரசிகிச்சை நன்மையானது என்பதால் அதனைச் சூழ நிகழ்ந்த யாவும் நன்மையாகிவிடா. நன்மையின் பெயரால் நாம் பெற்ற அனுமதி அளவிடப்பட்ட அனுமதி. அதன் அளவை மீறாமல் இருத்தலே நாம் அக்குழந்தைக்குப் பட்டுள்ள முதலாவது கடன்.

‘மறந்துவிடும்’ என்னும் ஆறுதல்

இவ்விடத்தில் நமது வீடுகளிலும் விடுதிகளிலும் அடிக்கடி கேட்கும் கூற்றொன்றை ஆராய்தல் பொருந்தும். ‘சின்னப்பிள்ளைதானே, எல்லாம் மறந்துபோம்’ என்பதே அது. இரண்டு வயதில் நிகழ்ந்தவற்றைப் பெரும்பாலோர் பிற்காலத்தில் நினைவுகூர்வதில்லை என்பது உண்மையே. அதனால் அத்துன்பம் பொருட்படுத்தத்தக்கதன்று என்னும் முடிவு பெறப்படுமா?

வைத்தியத்துறையின் வரலாறு இதற்குக் கசப்பான பாடம் ஒன்றை வைத்திருக்கின்றது. 1980கள் வரை புதிதாய்ப் பிறந்த சிசுக்களுக்கு வலியுணர்வு முதிரவில்லை என்றும், உணர்ந்தாலும் அது நிலையாது என்றும் கருதப்பட்டமையால், மேலைநாடுகளிலும் சில சத்திரசிகிச்சைகள் மிகக் குறைந்த வலிநீக்கத்துடனேயே அவற்றுக்குச் செய்யப்பட்டன. 1987இல் கன்வல்ஜீத் ஆனந்தும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை உலுக்கியது. குறைமாதக் குழந்தைகளுட் போதிய வலிநீக்கி பெற்றவை, பெறாதவற்றைவிடக் குறைந்த உடலதிர்ச்சியையே காட்டின. சிக்கல்களும் அவற்றுக்குக் குறைவாகவே நேர்ந்தன. சொல்லத் தெரியாத உயிரின் உடல் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்கப் பிந்தியவர்கள் பெரியோரே.

அனுபவத்துக்கு அப்பாலும் இக்கூற்றிற் தருக்கக் குறைபாடு ஒன்று உண்டு. துன்பம் துன்பமாவது நினைக்கப்படும்போதன்று, அனுபவிக்கப்படும்போதே. இன்றிரவு மறைந்துவிடும் வலி இன்று பகல் வலித்தே தீர்கின்றது. மேலும், ‘பின்னர் நன்றி சொல்லும்’ என்பதும் ‘பின்னர் மறந்துவிடும்’ என்பதும் ஒரே வாயிலிருந்து வருவதை நாம் காண்கின்றோம். நினைவில்லாதபோதும் பிறர் சொல்லக் கேட்டு நன்றி கூறலாம் என்று இதற்கு விடை சொல்லப்படலாம். அவ்வாறாயின், பிறர் சொல்லக் கேட்டு அப்பிள்ளை நம்மிடம் முறையிடவும் கூடும் அன்றோ? நன்றியை மட்டும் வாங்கிக்கொண்டு முறைப்பாட்டை மறதியிடம் ஒப்படைத்தல் நேர்மையான கணக்காகாது.

வாய்மை

இரண்டாவது கடன் வாய்மை பற்றியது. இது நூல்களைவிட விடுதியிலேயே எனக்கு நன்கு விளங்கிற்று. என் தமக்கையின் மகனுக்கு இரண்டரை வயதில் ஹேர்ணியா எனப்படும் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. நள்ளிரவிலிருந்து எதுவும் கொடுக்கலாகாது என்றனர். காலையில் முதலாவதாக எடுக்கப்படுவான் என்று எண்ணியிருந்தோம். விபத்தில் அகப்பட்ட ஒருவரை இடையில் எடுக்க வேண்டியிருந்தமையால் அவன் முறை பிற்பகலுக்குத் தள்ளிப்போயிற்று. பத்து மணிக்கு அவன் தண்ணீர் கேட்கத் தொடங்கினான். உடன் வந்திருந்த பாட்டி, ‘தண்ணியைக் காகம் கொண்டு போட்டுது’ என்றார். அவன் சன்னலைப் பார்த்தான். பின்னர் விடுதியின் மூலையிலிருந்த குழாயைப் பார்த்தான்; அங்கே ஒருவர் போத்தலில் நீர் நிரப்பிக்கொண்டிருந்தார். அதன்பின் பாட்டியின் மடிக்கு அவன் போகவில்லை. தமக்கை அவனைத் தூக்கிக்கொண்டு, ‘தண்ணி இருக்கு ராசா. இப்ப குடிக்கேலாது. டொக்டர் வயித்தைச் சுகமாக்கின பிறகு அம்மா தருவன்’ என்றார். அவன் அழுதான்; அவரை அடித்தான். அவர் அதனையே திரும்பவும் சொன்னார். ஏறக்குறைய முப்பது முறையாவது சொல்லியிருப்பார். இடையில் தாதி ஒருவரிடம் சென்று, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், ஒரு வாய் நீராவது கொடுக்கலாமா என்று கேட்டார். தாதி சத்திரசிகிச்சைக்கூடத்துக்குத் தொலைபேசியில் விசாரித்து வந்து, அளவாகச் சிறிது நீர் கொடுக்கலாம் என அனுமதித்தார். எவரும் கேளாதிருந்தால் அந்நீரும் கிடைத்திராது.

பாட்டியின் கூற்றில் வஞ்சகம் இல்லை. அழும் பிள்ளையை ஆற்றும் நமது பழைய மரபின் குரலே அது. குற்றமற்ற நன்மையைப் பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் கூறியிருப்பதும் நாம் அறிந்ததே. எந்நிலையிலும் பொய்யுரைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என 1797இல் வாதிட்ட இமானுவேல் கான்ற்றின் கடுமை இங்கு வேண்டியதில்லை. வள்ளுவர் இட்ட நிபந்தனையையே எடுத்துக்கொள்வோம். நன்மை குற்றமற்றதாய் இருத்தல் வேண்டும். குழந்தைக்குச் சொல்லப்படும் பொய் இந்நிபந்தனையை நிறைவு செய்கின்றதா?

இரண்டு வயதுக் குழந்தைக்கு உலகைப் பற்றிய அறிவு சொற்பம். வைத்தியர் யார், மயக்கமருந்து யாது, நாளை என்பது எப்போது என்பன அதற்குத் தெரியா. ஆனால் யாரை நம்பலாம் என்பது அதற்குத் தெரியும். அறியாத இடத்தில் அதனிடம் உள்ள ஒரே உடைமை அந்நம்பிக்கை. பொய் அதனிடமிருந்து எடுத்துக்கொள்வதும் அதனையே. ‘நோகாது’ என்று கூறியபின் ஊசி நொந்தால், அடுத்தமுறை ‘முடிந்துவிட்டது, இனி நோகாது’ என்னும் மெய்யும் அதற்குப் பயன்படாது. ஆகவே அப்பொய் தரும் நன்மை குற்றமற்றதன்று. அது நாளைய ஆறுதலை விற்று இன்றைய அமைதியை வாங்குகின்றது. அவ்வமைதியும் பெரும்பாலும் குழந்தைக்கன்று, நமக்கே தேவைப்படுகின்றது.

வாய்மை என்பது யாவற்றையும் விளக்கியுரைத்தல் அன்று. குடலிறக்கத்தின் இயல்பைக் குழந்தைக்கு விரித்துரைப்பதாற் பயனில்லை. ‘கொஞ்சம் நோகும், அம்மா இங்கேயே இருப்பேன், பிறகு பால் தருவேன்’ என்னும் மூன்று வாக்கியங்கள் போதும். ஆனால் அம்மூன்றும் உண்மையாக இருத்தல் வேண்டும். உண்மையாக்க இயலாததைச் சொல்லாதிருத்தலும் வேண்டும்.

மௌனம் சம்மதமன்று

மூன்றாவது கடன் உடனிருத்தல். இன்று எமது நாட்டின் சிறுவர் விடுதிகளில் தாய் பிள்ளையுடன் தங்குதல் வழமையாக உள்ளமையால், இது எங்கும் எக்காலத்தும் இவ்வாறே இருந்தது என எண்ணிவிடுகின்றோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் நிலைமை வேறு. பல இடங்களிற் பெற்றோர் வாரத்தில் ஓரிரு முறை, ஓரிரு மணித்தியாலம் மட்டுமே பிள்ளையைக் காண அனுமதிக்கப்பட்டனர். இதற்குக் கூறப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது. தாய் வந்துபோனாற் பிள்ளை அழுகின்றது. வராவிடின் சில நாட்களில் அமைதியடைந்து நல்ல பிள்ளையாகிவிடுகின்றது என்றனர்.

இவ்வமைதியின் பொருள் யாது என்று கேட்டவர் ஜேம்ஸ் றொபேட்சன். இலண்டனின் டவிஸ்ரொக் நிலையத்தில் ஜோன் போல்பியுடன் பணியாற்றிய அவர், வைத்தியசாலையில் விடப்படும் சிறு பிள்ளைகளை அவதானித்து, அவர்களது நடத்தை எதிர்ப்பு, நிராசை, விலகல் என மூன்று படிகளிற் செல்வதைக் கண்டார். தாதியர் ‘பழகிவிட்டது’ என்று மகிழ்ந்த பிள்ளை உண்மையில் நம்பிக்கையிழந்த பிள்ளை என்பது அவர் முடிபு. சொல்லால் உரைத்தபோது எவரும் நம்பாமையால், முன்னர் படமெடுத்துப் பழக்கமற்ற அவர் ஒரு கையடக்கப் படக்கருவியை வாங்கினார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் நிரம்பிய லோறா என்னும் சிறுமி தொப்புட் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையிற் கழித்த எட்டு நாட்களைப் படமாக்கினார். தமக்கு வேண்டிய காட்சிகளைத் தெரிந்தெடுத்தார் என்ற குற்றச்சாட்டு எழாதிருக்க, நாள்தோறும் ஒரே நேரத்திற் படமெடுத்தார். 1952இல் அப்படம் இலண்டனில் வைத்தியர் அவையின் முன் திரையிடப்பட்டபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. லோறா பெருங்குரலெடுத்து அழுதவள் அல்லள். தன்னை அடக்கிக்கொண்டு, அவ்வப்போது தாயைப் பற்றிக் கேட்டு, படிப்படியாக முகம் வாடியவள். அவளது அடக்கமே பார்த்தவர்களை நிலைகுலையச் செய்தது எனலாம். ஏழாண்டுகளின் பின், 1959இல், சேர் ஹரி பிளாட் தலைமையிலான குழு பெற்றோரின் வருகைக்கு விதிக்கப்பட்ட தடைகளை நீக்கவும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடன் தாயையும் அனுமதிக்கவும் பரிந்துரைத்தது.

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பேச வல்லமையும் பேசினாற் கேட்கப்படும் என்ற எதிர்பார்ப்பும் உடையவர் மௌனம் சாதிப்பின் அது சம்மதமாகலாம். அவ்விரண்டும் அற்றவரின் மௌனம் அவ்வாறாகாது. லோறாவின் அமைதியிலிருந்து நாம் பெறும் மெய்யியற் பாடம் இதுவே. அழும் பிள்ளையைக் ‘குழப்படி’ என்றும், அடங்கிய பிள்ளையை ‘நல்ல பிள்ளை’ என்றும் நாம் கூறும்போது, அதன் நலனை அன்றி நமது வசதியையே அளவுகோலாகக் கொள்கின்றோம்.

பயன் தராவிடினும்

ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும். மயக்கமருந்து கொடுக்கப்படும் வேளையிற் பெற்றோர் உடனிருத்தல் பற்றி மேலைநாடுகளில் ஆய்வுகள் நடத்தப்பட்டுள்ளன. பெற்றோரின் பிரசன்னம் ஒன்றினால் மட்டும் குழந்தையின் பதற்றம் குறைவதாக அவை பொதுவிற் காட்டவில்லை. பெற்றோர் தாமே பதறுவாராயின் அவர் அங்கு இருப்பதாற் பயன் விளையும் என எதிர்பார்ப்பதும் அரிது. அவ்வாறாயின் உடனிருத்தலைக் கடன் என்பது எங்ஙனம்?

உடனிருத்தலின் மதிப்பு அதன் பயனில் மட்டுமே தங்கியுள்ளது எனக் கொண்டால் இவ்வினாவுக்கு விடையில்லை. ஆனால் நாம் வேறிடங்களில் அவ்வாறு கொள்வதில்லை. இறக்குந் தறுவாயிலுள்ள ஒருவரின் படுக்கையருகே இருப்போர் அதனால் அவர் உயிர் நீளும் என்று எண்ணி இருப்பதில்லை. நீதிமன்றில் நிற்கும் நண்பனுக்காகச் சென்று பின்வரிசையில் அமர்பவர் தீர்ப்பை மாற்ற அமர்வதில்லை. துன்பத்தில் ஒருவரைத் தனியே விடலாகாது என்பது, விட்டால் என்ன விளையும் என்ற கணக்குக்கு முற்பட்டது. குழந்தையின் விடயத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அதன் துன்பத்துக்கு ஒப்புதல் அளித்தவர் நாமே. படிவத்திற் கையொப்பமிட்டவர் அக்கையொப்பத்தின் விளைவைக் காணாது வெளியே நிற்றல், முடிவைத் தமதாகவும் துன்பத்தை மற்றவரதாகவும் பிரித்துக்கொள்ளுதல் ஆகும். குழந்தையின் கோபம் யார்மீதாவது விழவே செய்யும். அதனை ஏற்று நிற்க ஆள் வேண்டும். அவ்வாள் பதறாது நிற்றலும் கடனின் ஒரு பகுதியே. தாய்தான் நிற்றல் வேண்டும் என்பதுமில்லை. தந்தை, பேரன், பேத்தி எவராயினும் பிள்ளை நம்பும் ஒருவர் போதும். கூடத்தின் வாயிலுக்கு அப்பாற் செல்ல அனுமதி இல்லையாயின், வாயில்வரை சென்று, அங்கு நிற்பதாகச் சொல்லி, விழிக்கும்போது கண்முன் இருத்தல் வேண்டும்.

தாய்மார் பலர் இந்நாளிற் பிள்ளையோடு தாமும் உண்ணாதிருப்பதை விடுதிகளிற் காணலாம். எவரும் அவர்களிடம் அதனைக் கேட்பதில்லை. பிள்ளையின் பசியும் அதனாற் குறைவதில்லை. பயன்வாதியின் நோக்கில் இது வீண். தளர்ந்த தாயாற் பிள்ளையைத் தாங்கவும் இயலாது என்று தாதியர் அவர்களை உண்ணுமாறு வற்புறுத்துவதும் நியாயமே. எனினும் தொடக்கத்திற் கூறிய வேறுபாட்டை இங்கு நினைவுகூரலாம். பிள்ளையின் பட்டினி தெரிந்தேற்கப்படாதது. தாயின் பட்டினி தெரிந்தேற்கப்பட்டது. அவ்விருவருள் நோன்பிருப்பவர் தாயே. பிள்ளைக்குத் தெரியாத காரணத்தை அவர் தமது உடலில் ஏற்று நிற்கின்றார். மறைவாகச் சென்று உண்டுவரும் தாயும் இதில் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர். பிள்ளையின் கண்முன் உண்ணலாகாது என்பதை அவரும் உணர்ந்தே செல்கின்றார்.

கணக்குக் கொடுத்தல்

வைத்தியசாலைகளில் ஆளணியும் கூடங்களும் போதாமையையும், அவசர நோயாளர் வரும்போது பட்டியல் குலைவதையும் மறந்து எவரையும் குறைகூறல் முறையன்று. பல வேளைகளில் நீண்ட பட்டினிக்குக் குற்றவாளி என ஒருவர் இலர். ஆனால் குற்றவாளி இல்லாத துன்பத்திலும் கடமையாளர் உளர். சிறு பிள்ளைகளைப் பட்டியலின் முன்னே வைத்தல், பிந்தும்போது விடுதிக்கு அறிவித்தல், எந்நேரம்வரை நீர் கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே குறித்துக் கொடுத்தல் என்பனவற்றுக்குப் புதிய கட்டடங்கள் தேவையில்லை. பெற்றோர் கேட்கத் தயங்காதிருத்தலும், கேட்போரை அதட்டாதிருத்தலும் வேண்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம், தன்னைப் பற்றிய விடயங்களிற் பிள்ளை தன் கருத்தை வெளியிடவும் அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் உரிமை அளிக்கின்றது. சொந்தக் கருத்தை உருவாக்க வல்ல பிள்ளைகளுக்கே அவ்வாசகம் உரியது எனலாம். இரண்டு வயதுப் பிள்ளையின் கருத்து அழுகையாகவே வெளிப்படுகின்றது. அதற்குக் கட்டுப்பட இயலாவிடினும் அதனைக் கேட்டறிந்து விடையிறுக்க நம்மால் இயலும்.

காரணம் அறியாதவர்மீது காரணம் அறிந்தவர் அதிகாரஞ் செலுத்துதல் வைத்தியசாலையோடு முடிவதன்று. இப்பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறி ஆசிரியராகவும் நிருவாகிகளாகவும் செல்லவிருக்கும் நாமும் ‘உன் நன்மைக்கே’ என்று பலரிடம் சொல்லப்போகின்றோம். அவர்களுட் பலர் வளர்ந்தவர். நம்மிடம் காரணம் கேட்பர். நமது விடை போதாதென்று வாதிடவும் செய்வர். குழந்தை கேளாது. கேளாதவரிடம் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கின்றோம் என்பதிலேயே நமது அதிகாரத்தின் தரம் தெரியவரும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவன். நான்காமவரை அவர் மருத்துவத்துக்குப் புறம்பான சுற்றத்தாராக வைக்கவில்லை. மருத்துவத்தின் உறுப்பாகவே வைத்தார். பசித்து அழும் மழலையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு, ‘பால் இருக்கின்றது, இப்போது இல்லை, பிறகு தருவேன்’ என்று முப்பதாம் முறையும் மெய்யையே சொல்லி, சொன்னவாறே பின்னர் அப்பாலைக் கொடுப்பவர் அந்நான்காமவர். சம்மதிக்க இயலாத ஓர் உயிருக்கு நாம் பட்ட கடனை அவர் அவ்வாறு தீர்க்கின்றார்.